விசாரிக்கக் கூடாத வீட்டில் நெட்டச்சி

நெட்டச்சி என்ற பேரை நான் முதன்முதலில் கேட்டது, என் தம்பிக்குப் பெண் பார்த்துவிட்டு வந்த அன்றைக்கு. பார்க்கப் போனது என் அம்மாவும் எங்கள் சின்னத்தையும். சின்னத்தை என்றால் அப்பாவின் கடைசித் தங்கை. அவளுடைய ஓரகத்திக்குப் பெரியப்பா மகள் வகையில் வந்த சம்பந்தம் அது. இந்த முடிச்சை இன்றைக்கு அவிழ்க்கச் சொன்னாலும் அவிழ்ப்பேன், ஆனால் இங்கே அது வேண்டாம். சின்னத்தை செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டாள்.

“பொண்ணு நல்ல பொண்ணுதான். ஆனா நெட்டச்சி. நம்ம பையன் பக்கத்துல நின்னா அவ தோளுக்குத்தான் வருவான்.”

உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்த என் தம்பி, கையைக்கூடக் கழுவாமல் எழுந்து வந்து நின்றான்.

“தோளுக்கு வந்தாப் போதும் அத்தை. சாஞ்சுக்க வசதியா இருக்கும்.”

கல்யாணப் படத்தில் அவன் ஒரு பலகை மேல் நிற்கிறான். பலகை தெரியாமல் எடுக்கிறேன் என்று சொன்ன போட்டோக்காரர், பலகை நன்றாகத் தெரியும்படி எடுத்துக் கொடுத்தார். அவளோ அவனுக்காக முழங்காலைக் கொஞ்சம் மடித்து நின்றிருக்கிறாள். ஆக அந்தப் படத்தில் இரண்டு பேரும் தங்கள் உயரத்தில் இல்லை. அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த நல்ல பேர் ஒன்று உண்டு. அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டுக் கேட்டதில்லை. அவளே போனில், “அண்ணி, நெட்டச்சி பேசறேன்,” என்றுதான் தொடங்குவாள்.

என் தம்பிக்கு லேத்துப் பட்டறையில் வேலை. அவன் சட்டையில் இரும்புத் தூள் எப்போதும் மினுக்கிக்கொண்டிருக்கும். அதைத் துவைத்துத் துவைத்து அவள் கை காய்த்துப் போயிற்று. வயிற்றில் வந்தது எதுவும் அவளுக்குத் தங்கவில்லை. அதைப் பற்றி அவளும் பேசியதில்லை, நானும் கிளறியதில்லை. பிறகு அவனுக்கே உடம்புக்கு வந்தது. ரத்தத்தில் வருகிற வியாதி. பக்கத்து ஆஸ்பத்திரியில் கையை விரித்துவிட்டு, நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்கள். அவனைக் கூட்டிக்கொண்டு போனவள், தனியாகத் திரும்பி வந்தாள்.

உறவுக்காரர்கள் எல்லாரும் கிளம்பிப் போன பிறகு நான் அவளிடம் சொன்னேன்.

“என்னோட வந்துடு. எனக்கும் பேச்சுத்துணை ஆச்சு.”

“வரேன் அண்ணி. இப்ப இல்ல. அந்த ஆஸ்பத்திரிக்கு எதிர்த்தாப்ல ஒரு வீடு இருக்கு. அங்க வேலைக்கு ஆள் எடுக்கறாங்க.”

“என்ன வீடு அது?”

“தூரத்துலேருந்து வைத்தியத்துக்கு வர்ற பிள்ளைங்களும் அம்மாங்களும் தங்கற வீடு. வாடகை கிடையாது, நாலு பேர் குடுக்கற தர்மத்துல நடக்குது. உங்க தம்பி படுத்திருந்த ஜன்னல்லேருந்து பாத்தா அதோட மொட்டை மாடி தெரியும். சின்னச் சின்னப் போர்வையா காயும். அதையே பாத்துட்டு இருப்பாரு.”

“உன்னை எதுக்கு எடுப்பாங்க?”

“மேல் தட்டெல்லாம் யாரும் துடைக்கிறதே இல்லையாம். எட்டலையாம்.”

அப்படித்தான் அவள் அந்த வீட்டுக்குப் போனாள். அந்த வீட்டை நான் பிற்பாடு கண்ணாலேயே பார்த்தேன். மஞ்சள் சுண்ணாம்பு அடித்த இரண்டு மாடி வீடு. உள்ளே நுழையும்போதே மருந்துத் தண்ணீர் வாடை. செருப்பு வெளியில்தான். கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் எந்தப் பிள்ளையையும் தொடக்கூடாது. அந்த மருந்து ஏறுகிற பிள்ளைகளுக்குச் சின்னச் சளி பிடித்தாலும் தாங்காதாம். அதனால் துணிப் பொம்மை கிடையாது, கழுவக்கூடிய பிளாஸ்டிக் பொம்மைதான். பூங்கொத்து கொண்டுவந்தால் கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். பழம் என்றால் தோலை உரித்துத்தான் கொடுக்க வேண்டும். கீழே பெரிய சமையலறை. ஒவ்வொரு அம்மாவுக்கும் தனி அடுப்பு, தனி அலமாரித் தட்டு. யாராவது ஒருத்தி குழம்பு கொதிக்க விட்டுவிட்டு மாடிக்கு ஓடினால், பக்கத்து அடுப்புக்காரி கிளறிவிடுவாள். எங்கெங்கோ இருந்து வந்தவர்கள், ஒருத்தி பாஷை இன்னொருத்திக்குப் புரியாது, ஆனால் குழம்பு தீயவில்லை.

வீட்டை நடத்தியவர் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அம்மா. டீச்சரம்மா என்றுதான் எல்லாருக்கும். தன் பேரனை அதே ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்தவர். கேட்டில் ஒரு காவல்காரர் இருந்தார். அவரைக் கேட்டு மாமா என்பார்கள். எப்போது தேடினாலும் சாப்பிடப் போயிருப்பார்.

அந்த வீட்டுக்கு இரண்டு வாசல். வைத்தியம் முடிந்து ஊருக்குப் போகிற பிள்ளை, ஆஸ்பத்திரிச் சாலையைப் பார்த்த முன்வாசல் வழியாகப் போகும். போகிறபோது கூடத்து அலமாரியிலிருந்து ஒரு பொம்மையைத் தன் இஷ்டத்துக்கு எடுத்துக்கொள்ளலாம். மற்ற அம்மாக்கள் படிக்கட்டில் நின்று கையசைப்பார்கள். பின்வாசல், துவைக்கிற கொட்டகையைத் தாண்டி ஒரு சந்தில் திறக்கும். பிள்ளையை ஆஸ்பத்திரியிலேயே பறிகொடுத்தவர்கள் வந்து, சாமான்களை எடுத்துக்கொண்டு அந்த வழியாகப் போய்விடுவார்கள். இப்படிப் போங்கள் என்று யாரும் அவர்களிடம் சொன்னதில்லை, அவர்களாகவே போவார்கள். அழுத கண்ணும் கட்டின பையுமாகக் கூடத்தைக் கடந்தால், அங்கே கஞ்சி ஊட்டிக்கொண்டிருக்கிற இன்னொரு அம்மா மேற்கொண்டு எப்படி ஊட்டுவாள்? அந்த அறையை அன்றைக்கே கழுவி விடுவார்கள். அடுத்த குடும்பம் வந்துவிடும். காத்திருக்கிறவர்கள் அவ்வளவு பேர்.

இதோடு ஒரு கட்டுப்பாடும் உண்டு. போனவர்களைப் பற்றி விசாரிக்கக் கூடாது. அவர்களுக்குப் போன் பண்ணக்கூடாது, வேலைக்காரர்களும் தங்களுக்குள் பேசிக்கொள்ளக் கூடாது. இதற்குக் காரணம் இருந்தது. முன்பு ஆபீசில் இருந்த ஒரு பெண், நல்ல மனசோடு ஒரு வீட்டுக்குப் போன் பண்ணி, “பாப்பா எப்படி இருக்கா?” என்று கேட்டுவிட்டாள். பாப்பா போய் ஒரு மாசம் ஆகியிருந்தது. அந்தப் பக்கம் தாய் போட்ட அலறல், டீச்சரம்மா இருந்த அறை வரைக்கும் கேட்டதாம். அன்றோடு விசாரிப்பதை நிறுத்தினார்கள். நல்ல சேதியையும் சொல்லிக்கொள்வதில்லை. ஏனென்றால் நல்லதை மட்டும் சொன்னால், சொல்லாமல் விட்டதெல்லாம் கெட்டது என்று ஆகிவிடுமே.

நெட்டச்சி அந்தக் கட்டுப்பாட்டை மனதார ஏற்றுக்கொண்டாள். புதிதாக வருகிற வேலைக்காரிகளுக்கு அவள்தான் சொல்லிக்கொடுப்பாள். “வந்தவங்களைப் பாரு, போனவங்களை விடு. அழுத மூஞ்சியோட மாடி ஏறினா அந்த அம்மாங்க கண்டுபிடிச்சிடுவாங்க.” அவளுக்கு அது லேசாகவும் வந்தது. குருவி வருகிற வரைக்கும்.

குருவி என்பது நெட்டச்சி வைத்த பேர். பள்ளிக்கூடத்தில் அப்போதுதான் சேர்த்த வயசு. தலையில் ஒரு முடி கிடையாது. சோற்றை ஒவ்வொரு பருக்கையாகக் கொத்துவாள். அவளும் அவள் அம்மாவும் மாடியில் ஓர அறையில் ஒரு வருஷத்துக்குக் கிட்டத்தட்ட இருந்தார்கள். அம்மா துணிக் கம்பெனியில் தைக்கிறவள், அதிகம் பேசமாட்டாள். அப்பா லாரிக்குச் சரக்கு ஏற்றுகிறவர், எப்போதாவது வந்து வாசலிலேயே உட்கார்ந்துவிட்டுப் போவார். அறையைத் துடைக்கப் போன முதல் நாளே குருவி நெட்டச்சியை மேலும் கீழும் பார்த்திருக்கிறாள்.

“உன் தலை ஏன் அவ்ளோ மேல இருக்கு?”

“தெரியலையே. அங்கதான் வச்சிருக்காங்க.”

“ஏணி.”

“என்னது?”

“நீ ஏணி. அந்த மேல் தட்டுல இருக்கற பொம்மையை எடு.”

“சோறு தின்னாத்தான் ஏணி வேலை செய்யும்.”

“ஏணிக்கு வாய் இருக்கா என்ன?”

இதையெல்லாம் நெட்டச்சி எனக்குப் போனில் சொல்லிச் சொல்லி, நான் பார்க்காத அந்தப் பிள்ளையின் குரலே எனக்குப் பாடமாகிவிட்டது. சாயங்காலம் வெயில் தணிந்ததும் நெட்டச்சி கையைக் கழுவி, முகமூடி போட்டு, குருவியைத் தூக்கிக் காம்பவுண்டுச் சுவருக்கு மேலே காட்டுவாள். பிள்ளைகளை வெளியே விடுவதில்லை, அதனால் சுவருக்கு மேலே எட்டிப் பார்ப்பதுதான் ஊர் சுற்றுவது. சாலையில் போகிற வண்டியையெல்லாம் பங்கு போடுவார்கள்.

“சிவப்பு எல்லாம் எனக்கு. நீ வேற எடுத்துக்கோ.”

“எனக்கு என்ன?”

“உனக்கு லாரி.”

“லாரியே வரலையே.”

“அப்ப உனக்கு ஒண்ணும் இல்ல.”

அம்மாக்காரி படிக்கட்டில் நின்று, “அக்கா, கை வலிக்கும், இறக்கி விடுங்க,” என்பாள். “இவ என்ன கனம்? என் துடைப்பக்கட்டை இவளை விடக் கனம்,” என்பாள் நெட்டச்சி. சொன்ன பிறகு அந்த வார்த்தை அவளுக்கே சுருக்கென்று இருக்குமாம். உண்மையாகவே கனமில்லை அந்தப் பிள்ளை.

அந்தச் சமயத்தில்தான் என் சின்ன மகளுக்குக் கல்யாணம் கூடிவந்தது. நெட்டச்சி முதலில் வரவில்லை என்றாள். “மாமன் இல்லாத கல்யாணத்துல அத்தையும் இல்லன்னா எப்படிடி?” என்று நான் சண்டை பிடித்தேன். குருவிக்கு அப்போது ரத்தத்தில் நல்ல அணுக்களின் எண்ணிக்கை ஏறிக்கொண்டிருந்தது, டாக்டர்களே சிரித்த முகமாக இருந்தார்கள். அந்தத் தைரியத்தில் கிளம்பினாள்.

“எனக்கு என்ன கொண்டு வருவ?” என்று கேட்டிருக்கிறாள் குருவி.

“உனக்கு எதைக் கொண்டு வந்தாலும் கேட்லயே வாங்கி வச்சிடுவாங்களே. கதை கொண்டு வரேன். யார் யார் சண்டை போட்டாங்க, யார் யாருக்குச் சாப்பாடு கிடைக்கல, எல்லாம்.”

கல்யாண வீட்டில் ஒரு வாரம் போல இருந்தாள். எங்கள் பெரியப்பா மகன் மாப்பிள்ளை வீட்டாரோடு தலையணைக்காகச் சண்டை பிடித்ததை, அவர் கையை ஆட்டின மாதிரியே ஆட்டிப் பழகிக்கொண்டு போனாள்.

திரும்பிப் போய்க் கையைக் கழுவிக்கொண்டு நேரே மாடி ஏறியிருக்கிறாள். ஓர அறையில் யாரோ ஒரு அம்மா, யாரோ ஒரு பையனுக்கு நகம் வெட்டிக்கொண்டிருந்தாள். தரை கழுவி ஈரம் காய்ந்திருந்தது. நெட்டச்சி வாசல்படியிலேயே நின்றிருக்கிறாள். அந்த அம்மா, “என்ன வேணும்?” என்று கேட்டிருக்கிறாள். “ஒண்ணும் இல்ல. தண்ணி வருதான்னு பாக்க வந்தேன்,” என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டாள்.

முன்வாசலா, பின்வாசலா. அவளுக்குத் தெரிய வேண்டியது அவ்வளவுதான். யாரைக் கேட்பது? ஊருக்கெல்லாம் கேட்காதே என்று சொல்லிக்கொடுத்தவளே அவள்தானே. அலமாரியில் எந்தப் பொம்மை குறைகிறது என்று பார்த்தாள். அந்த வாரம்தான் ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வந்து பொம்மைகளைக் கொடுத்து அலமாரியை நிரப்பிவிட்டுப் போயிருந்தார்கள். மற்ற அம்மாக்களின் முகத்தைப் பார்த்தாள். அவர்களும் அந்தக் கட்டுப்பாட்டில் ஊறினவர்கள்தான், அவரவர் அடுப்பைப் பார்த்தார்கள். கடைசியில் கேட்டு மாமாவிடம் போய்ச் சுற்றி வளைத்துப் பேச்செடுத்தாள்.

“மாமா, நான் ஊர்ல இல்லாதப்ப கேட்டுல கூட்டம் அதிகமோ?”

“எந்தக் கேட்டு?”

“ஏதோ ஒரு கேட்டு.”

“நான் அப்ப சாப்பிடப் போயிருந்தேன்மா.”

“ஒரு வாரமாவா சாப்டீங்க?”

அவர் குனிந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டாராம். அதற்கு மேல் நெட்டச்சி கேட்கவில்லை. டீச்சரம்மா அவளைக் கூப்பிட்டு, “நெட்டை, கொட்டகைக் குழாய் ஒழுகுது, ஆளைக் கூப்பிடு,” என்றார். குரலில் வழக்கத்தைவிட ஒரு மென்மை இருந்தது என்று நெட்டச்சி என்னிடம் சொன்னாள். அந்த மென்மைக்கு என்ன அர்த்தம் என்று மாசக்கணக்கில் இரண்டு பேரும் போனில் அலசினோம். ஊருக்குப் போன களைப்பைப் பார்த்துச் சொன்னதாக இருக்கலாம், என்றேன். இருக்கலாம் அண்ணி, என்றாள்.

அப்படியே வருஷங்கள் போயின. குருவி அவளுக்குள்ளேயே வளர்ந்தாள். “இப்ப முன்பல் விழுந்திருக்கும் அண்ணி,” என்பாள் திடீரென்று. யாருக்கு என்று நான் கேட்க வேண்டியதில்லை. “முடி வந்திருக்கும். இந்த மருந்துக்கு அப்புறம் வர்ற முடி சுருட்டையா வருமாம்.” இன்னொரு நாள், “வாய்ப்பாடு படிக்கணும் இந்நேரம். அவ எங்க படிப்பா, வாத்தியாருக்கே பங்கு பிரிச்சுக் குடுப்பா,” என்பாள். கடைக்குப் போகிற வழியில் பள்ளிக்கூடம் விடுகிற நேரம் பார்த்து நிற்பாளாம். நடையை வைத்தே கண்டுபிடித்துவிடுவேன் என்பாள். அந்த ஊரிலேயே இல்லாத பிள்ளையை அந்த ஊர்ப் பள்ளிக்கூட வாசலில் தேடினால் எப்படிடி என்று நான் சொன்னால், “தேடல அண்ணி, சும்மா நிக்கறேன்,” என்பாள். மற்ற எந்தப் பிள்ளையைப் பற்றியும் அவள் இப்படிப் பேசியதில்லை. ஒரு நாள் என்னிடம் சொன்னாள். “தெரியாம இருக்கறதுல ஒரு சௌகரியம் இருக்கு அண்ணி. தெரியாத வரைக்கும் அவளுக்கு வயசு ஏறும்.”

பிறகு ஒரு நாள் குருவியின் அம்மா வந்தாள்.

முன்வாசலில் ஒரு துணி மூட்டையோடு நின்றிருக்கிறாள். கேட்டு மாமா வந்து, “யாரோ தலையணை உறை குடுக்க வந்திருக்காங்க,” என்றார். நெட்டச்சி போய்ப் பார்த்தாள். முகம் தெரிந்த உடனே அவள் கண் அம்மாவின் இடுப்புப் பக்கம் போயிற்று. பிறகு, இல்லை, இப்போது வளர்ந்திருப்பாளே என்று தோள் பக்கம் பார்த்திருக்கிறாள். பிறகு முதுகுக்குப் பின்னால், சாலையின் அந்தப் பக்கம். யாரும் இல்லை.

“பள்ளிக்கூடம் இருக்கும்ல,” என்றாள் என்னிடம் போனில். “இன்னிக்கு வேலை நாள்தானே அண்ணி?”

“ஆமா, வேலை நாள்தான்,” என்றேன்.

கம்பெனியில் மிஞ்சின துணியில் தலையணை உறை தைத்து, பிள்ளைகளுக்கென்று கொண்டுவந்திருந்தாள் அவள். பஸ் கூட்டத்தைப் பற்றிப் பேசினார்கள். மழையைப் பற்றி. தேநீர் குடித்தார்கள். போய்விட்டாள். நெட்டச்சி கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. சில மாதம் கழித்துத் திரும்ப வந்தாள், திரும்பவும் உறை, திரும்பவும் தேநீர். இப்படி ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது. எனக்குத்தான் பொறுக்கவில்லை.

“கேளேன்டி.”

“கேக்கக் கூடாது அண்ணி.”

“சரி, நான் வந்து கேக்கறேன். நான் உங்க வீட்டு வேலைக்காரி இல்லையே.”

சொன்னபடி நான் போனதென்னவோ என் கண்ணுக்கு. கண்ணில் சதை வளர்ந்து மங்கிவிட்டது, அதை எடுக்க அதே ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் இருந்த கண் ஆஸ்பத்திரிக்குப் போனேன். முடிந்ததும் நெட்டச்சி என்னைத் தன்னோடு துவைக்கிற கொட்டகைக்குப் பக்கத்து அறையில் வைத்துக்கொண்டாள். அப்போதுதான் அந்த வீட்டை ஒரு கண்ணால் பார்த்தேன். மற்றக் கண்ணில் கட்டு. குருவியின் அம்மா வந்த அன்றைக்கு நான் அங்கே இருந்தேன்.

மெலிந்த பெண். விரல் நுனியெல்லாம் ஊசி குத்திக் காய்த்திருந்தது. மூன்று பேரும் உட்கார்ந்து உறைகளை மடித்தோம். நான் வாயைத் திறக்கப் போனபோதெல்லாம் நெட்டச்சி என் தொடையில் கிள்ளினாள். அவள் கையும் நீளம், எங்கே உட்கார்ந்தாலும் எட்டும். பஸ் பேச்சு முடிந்தது. மழைப் பேச்சும் முடிந்தது. தேநீர் வந்தது. அந்தப் பெண் டம்ளரைக் கீழே வைத்தாள்.

“அக்கா, உங்களுக்கு அவளை ஞாபகம் இருக்கா?” என்று கேட்டாள்.

நெட்டச்சி மடித்த உறையை மறுபடி பிரித்தாள். பிரித்ததைத் திரும்ப மடித்தாள்.

“எத்தனையோ பிள்ளைங்க வந்து போற இடம்,” என்றாள் அந்தப் பெண். “மறந்திருப்பீங்க. தப்பில்ல.”

“மறக்கறதாவது,” என்றாள் நெட்டச்சி. “சிவப்பு வண்டியெல்லாம் அவளுக்கு. எனக்கு லாரி.”

அதைக் கேட்டதும் அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தேன். சிரிப்பும் அதில் கலந்திருந்தது.

“அப்புறம் ஏன் நீங்க கேக்கவே இல்ல? ஒவ்வொரு தடவையும் கேப்பீங்கன்னு இருந்தேன். பஸ்ஸுல வர்றப்பவே, இன்னிக்குக் கேப்பாங்க, இப்படிச் சொல்லணும்னு நெனச்சுட்டு வருவேன். நீங்க மழையைப் பத்தியே பேசுவீங்க.”

“உனக்கு வலிக்குமேன்னுதான்.”

“எங்க வீட்ல அவ பேரை எடுக்க மாட்டாங்க அக்கா. அவரு படத்தையெல்லாம் எடுத்து எங்கயோ வச்சுட்டாரு. பேசினா அடுத்த பிள்ளைக்கு ஆகாதுன்னாங்க மாமியார். அடுத்த பிள்ளையும் பொறக்கல. அவளைப் பெத்து வளத்த மாதிரியே இல்ல, ஏதோ நான் மட்டும் கனவு கண்டேன்கற மாதிரி. இந்த வீட்லதான் அவ ஒரு வருஷம் வாழ்ந்தா. இங்க வந்தா யாராவது அவளைப் பத்திப் பேசுவாங்கன்னுதான் இந்த உறையே தைக்க ஆரம்பிச்சேன்.”

இப்படித்தான் நெட்டச்சிக்குத் தெரிந்தது. அவள் மனசுக்குள் பல் விழுந்து, முடி வளர்ந்து, வாய்ப்பாடு படித்துக்கொண்டிருந்த பிள்ளை, அந்த ஒரு நிமிஷத்தில் அப்படியே நின்றுபோனாள். கொட்டகையில் யாரோ துணி பிழிகிற சத்தம் கேட்டது. நான் கிள்ளு வாங்கின தொடையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கு இருந்த ஒரு கண்ணாலும் அவள் முகத்தைப் பார்க்கத் துணியவில்லை.

பிறகு நெட்டச்சி கேட்டாள். அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவள் யாரிடமும் கேட்காத கேள்வி.

“எப்படிப் போனா?”

அந்தப் பெண் சொன்னாள். திடீர்க் காய்ச்சல், அது நெஞ்சுக்கு இறங்கிவிட்டது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் மூன்றாம் நாள். அதிகம் துன்பப்படவில்லை. வலிக்கு மருந்து கொடுத்திருந்தார்கள். கொஞ்சம் தெளிவாக இருந்தபோது, ஏணி எங்கே என்று கேட்டாளாம்.

“கல்யாணத்துக்குப் போயிருக்காங்கன்னு சொன்னேன். ‘சாப்பாடு நல்லா இருக்குமா?’ன்னு கேட்டா. இருக்கும்னேன். ‘அப்ப மெதுவா வரட்டும்’னா.”

நெட்டச்சி அதற்கப்புறம் தான் கொண்டுவந்த கல்யாணக் கதையை அந்தப் பெண்ணிடம் சொன்னாள். தலையணைச் சண்டையை, எங்கள் பெரியப்பா மகன் கையை ஆட்டின மாதிரியே ஆட்டி, முழுசாகச் சொன்னாள். இத்தனை வருஷம் கழித்தும் அவளுக்கு ஒரு வார்த்தை மறக்கவில்லை. அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டாள், நடுநடுவே, “இதுக்கு அவ என்ன சொல்லியிருப்பா தெரியுமா?” என்று தன் பங்குக்கும் சொன்னாள். தேநீர் அப்படியே ஆறிப்போய்க் கிடந்தது.

மறுநாள் நெட்டச்சி டீச்சரம்மாவிடம் போனாள். நானும் கூட நின்றேன்.

“டீச்சரம்மா, நாம கேக்காம இருக்கறது எல்லாருக்கும் நல்லதுன்னு இல்ல. சிலரு கேக்க மாட்டாங்களான்னு காத்திருக்காங்க.”

டீச்சரம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்தார். “யாரு காத்திருக்காங்க, யாருக்கு வலிக்கும்னு நமக்கு எப்படித் தெரியும் நெட்டை? அந்தப் போன்ல அலறின சத்தத்தை நீ கேக்கல. நான் கேட்டேன். இன்னும் கேக்குது.”

“தப்புன்னு சொல்லல.”

“நீ சொல்றதும் தப்பில்ல. ஆனா ஒரு வீட்டுக்குக்கூட நான் போன் போட விட மாட்டேன்.”

இரண்டு பேரும் அழுத்தமாகத்தான் பேசினார்கள். யாரும் யாரையும் ஜெயிக்கவில்லை. கட்டுப்பாடு அப்படியே இருந்தது. நெட்டச்சி மட்டும் ஒன்று செய்தாள். யாராவது பின்வாசல் வழியாகப் போகிறபோது, துவைக்கிற வேலையை விட்டுவிட்டு, அந்தச் சந்து முனை வரைக்கும் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே போவாள். போய், “நான் ஒண்ணும் கேக்க மாட்டேன். பேசணும்னு எப்பத் தோணினாலும் வாங்க, எனக்குப் பிள்ளையை ஞாபகம் இருக்கும்,” என்பாள். டீச்சரம்மா ஜன்னலில் இருந்து அதைப் பார்ப்பார். தடுத்ததில்லை. சிலர் திரும்பி வந்தார்கள். பலர் வரவில்லை. வராதவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று அவளுக்கு இன்றைக்கும் தெரியாது.

குருவியைத் தேடி அவள் பள்ளிக்கூட வாசலில் நிற்பது நின்றுபோயிற்று. அது நல்லதா கெட்டதா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. முன்பு போனில், “இப்ப அவ” என்று தொடங்குவாள். பிறகு, “அப்ப அவ” என்று தொடங்கினாள். எனக்கும் சேர்த்துத்தான் ஏதோ போனது போல இருந்தது. நான் பார்க்காத பிள்ளைக்காக நான் ஏங்குவேன் என்று என் தம்பி கல்யாணத்தன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

பிறகு அவளுக்கு முழங்கால் போயிற்று. உயரமானவர்களுக்குக் காலில்தான் முதலில் வரும் போலிருக்கிறது. மாடி ஏற முடியவில்லை. டீச்சரம்மாவும் வயசாகி, வேறு யாரோ ஒருத்தரிடம் வீட்டை ஒப்படைத்துவிட்டுத் தன் மகளோடு போய்விட்டார். நான் ஆளனுப்பினேன், அறையைக் காலி பண்ணி வைத்தேன், ஜன்னலுக்குத் திரைகூடப் போட்டேன்.

“வந்துடறேன் அண்ணி,” என்றாள். வரவில்லை. குருவியின் அம்மா அதற்குள் வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

“என்னடி இது, சொந்த நாத்தனாரை விட்டுட்டு?” என்று போனில் கேட்டேன்.

“கோவிச்சுக்காதீங்க அண்ணி. உங்களுக்குப் பேரன் பேத்தின்னு பேச எத்தனையோ இருக்கு. இவளுக்குப் பேச நான்தான் இருக்கேன். எனக்கும் அதே கதைதான்.”

கோபம்தான் எனக்கு. இன்னும் கொஞ்சம் இருக்கிறது.

அந்த மாமியார், குருவியின் பாட்டி, காலமாகிவிட்டார். அப்பா இப்போதும் லாரிக்குச் சரக்கு ஏற்றத்தான் போகிறார், மாசத்தில் பாதி நாள் வெளியூர். ஒளித்து வைத்த படங்களை அவரே எடுத்துக் கொடுத்தாராம், கேட்காமலே. நெட்டச்சி அந்த வீட்டு முன்னறையில், தையல் மெஷினுக்குப் பக்கத்தில் போட்ட கட்டிலில் இருக்கிறாள். நடப்பது சிரமம், காது நன்றாகக் கேட்கிறது. ஞாயிற்றுக்கிழமை மதியம் எனக்குப் போன் பண்ணுவாள்.